மகப்பேற்றுக்குப் பிந்திய உண்ணுதல் கோளாற்று மீட்சி

மகப்பேற்றுக்குப் பிந்திய உண்ணுதல் கோளாற்று மீட்சி என்பது, உண்ணுதல் கோளாற்றிலிருந்து நலமடைந்த பெண் ஒருவர் குழந்தை பெற்ற பின்னும் அந்நலத்தை இழக்காது காத்துக்கொள்வதைக் குறிக்கும். கருவுற்ற காலத்தில் தணிந்திருந்த நோய், குழந்தை பிறந்த பின் மீண்டும் தோன்றக்கூடும். இக்காலத்தில் நோயின் அறிகுறிகள் பலவும் புதிய தாயிடம் இயல்பாகக் காணப்படும் மாற்றங்களை ஒத்திருப்பதால், அவை எளிதில் கவனத்திற்கு வருவதில்லை.

உண்ணுதல் கோளாறுகள்

உண்ணுதல் கோளாறுகள் உளநோய்களாகும். இவற்றுள் முதன்மையானவை மூன்று.

- அனோரெக்சியா நெர்வோசா: எடை கூடிவிடும் என்ற அச்சத்தால் உணவைக் கடுமையாகக் குறைத்தல். 1873-இல் இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் கல் இப்பெயரை இட்டார்.
- புலிமியா நெர்வோசா: கட்டுப்பாடின்றி உண்டபின் வாந்தி, மலமிளக்கி, பட்டினி முதலியவற்றால் அதை ஈடுசெய்ய முயலுதல். 1979-இல் ஜெரால்டு ரசல் இதனைத் தனி நோயாக விவரித்தார்.
- மிகையுண்ணல் கோளாறு: ஈடுசெய்யும் முயற்சியின்றிக் கட்டுப்பாடிழந்து உண்ணுதல். 2013-இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு இதனைத் தனி நோயாக ஏற்றது.

கருவுற்ற காலமும் அதன் பின்னும்

இங்கிலாந்தின் ஏவன் பகுதியில் 1991, 1992 ஆண்டுகளில் கருவுற்றிருந்த பெண்களைக் கொண்டு ஒரு நெடுங்கால ஆய்வு தொடங்கப்பட்டது. அதன் தரவுகளைக் கொண்டு 2007-இல் வெளியான ஆய்வு, உண்ணுதல் கோளாறு இருந்த பெண்களிடம் கருவுற்ற காலத்தில் அறிகுறிகள் குறைந்ததைக் காட்டியது. நோர்வேயின் தாய்-சேய் ஆய்வை அடிப்படையாகக் கொண்ட 2013-ஆம் ஆண்டு அறிக்கையின்படி, இக்கோளாறு இருந்த தாய்மாருள் கணிசமானோருக்குக் குழந்தை பிறந்து 18, 36 மாதங்கள் கழிந்த பின்னும் அது நீடித்தது.

கருவுற்ற பெண் பெரும்பாலும் குழந்தையின் பொருட்டு உண்கிறார். வயிறு பெருப்பதையும் சுற்றத்தார் குறையாகக் கருதுவதில்லை. மகப்பேற்றுடன் இவ்விரு காப்புகளும் நீங்கிவிடுகின்றன. இனி அவர் தம் பொருட்டே உண்ண வேண்டும். நோய் முன்னர் கடினமாக்கியதும் அதுவே. தூக்கமின்மை, நேரங்கெட்ட உணவு, தனிமை, மனச்சோர்வு, பழைய உடலமைப்புக்கு விரைந்து திரும்ப வேண்டும் என்ற எதிர்பார்ப்பு ஆகியவையும் நோய் மீளத் துணைபுரிகின்றன.

மறைந்துபோகும் அறிகுறிகள்

- மாதவிடாய் நிற்றல்: உடல் மெலிவின் முக்கிய எச்சரிக்கைகளுள் ஒன்று. பாலூட்டும் காலத்தில் மாதவிடாய் இயல்பாகவே நிற்பதால் இதனை அடையாளமாகக் கொள்ள இயலாது.
- முடி உதிர்தல், களைப்பு: இவையும் மகப்பேற்றுக்குப் பின் பொதுவானவை.
- எடை குறைதல்: இது பெரும்பாலும் பாராட்டப்படுகிறது.
- உணவைத் தவிர்த்தல்: குழந்தையைக் கவனிப்பதால் நேரமில்லை என்ற காரணம் எவர்க்கும் ஏற்புடையதாகத் தோன்றும்.
- குழந்தையின் வளர்ச்சி: தாய் குறைவாக உண்டாலும் பாலின் அளவும் தரமும் உடனே பெரிதும் குறைவதில்லை. பற்றாக்குறையைத் தாயின் உடலே ஈடுசெய்கிறது. ஆகவே குழந்தை நன்கு வளர்வது தாய் போதிய அளவு உண்பதற்குச் சான்றாகாது.

மகப்பேற்றுக்குப் பிந்திய மனச்சோர்வைக் கண்டறிய 1987 முதல் பயன்படும் எடின்பரோ அளவுகோலின் 10 வினாக்களுள் உணவு பற்றியது ஒன்றுமில்லை. எனவே முன்னர் நோய் இருந்ததைத் தாய் அல்லது குடும்பத்தார் மருத்துவரிடமும் செவிலியரிடமும் தாமே கூறுவது இன்றியமையாதது.

மீட்சியைப் பேணும் வழிகள்

நோய் மீளுமுன்னரே, கருவுற்ற காலத்திலேயே, திட்டம் வகுத்துக்கொள்வது நன்று. பொதுவாக அதில் பின்வருவன இடம்பெறும்.

- பசிக்காகக் காத்திராமல் குறித்த நேரங்களில் உண்ணுதல். ஆக்சுபோர்டு உளமருத்துவர் கிறிசுடோபர் பேர்பர்ன் உருவாக்கிய அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையில் இது அடிப்படைப் படியாகும். இரவில் பாலூட்டும் தாய்க்கு அவ்வேளையிலும் சிற்றுணவு தேவைப்படலாம்.
- பாலூட்டலுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கிலோகலோரி கூடுதலாகத் தேவை என்பதைக் கருத்திற் கொள்ளல்.
- வீட்டில் எடை பார்ப்பதைத் தவிர்த்து, தேவையானபோது மருத்துவரிடம் மட்டும் பார்த்தல்.
- கருவுறுமுன் அணிந்த ஆடைகளை ஒதுக்கி வைத்து, இப்போதைய உடலுக்குப் பொருந்துவனவற்றை அணிதல்.
- தமக்குரிய தொடக்க அறிகுறிகளை எழுதி நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் அளித்தல். தாய் தாமே அறியுமுன் அவர் அறியக்கூடும்.

பாலூட்டலும் மருந்துகளும்

சிகிச்சைக்குரிய மருந்துகளுள் சிலவற்றைப் பாலூட்டும்போதும் உட்கொள்ளலாம். இதனை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். மருந்தைத் தாமாகவே நிறுத்துவது தீங்கானது. பாலூட்டல் நலத்திற்கு இடையூறாக அமையுமாயின் புட்டிப்பால் அளிப்பதும் ஏற்கத்தக்கதே.

குழந்தைக்கு உணவூட்டல்

ஆலன் சுடைன் முதலியோர் 1994-இல் வெளியிட்ட ஆய்வில், இக்கோளாறுள்ள தாய்மாருக்கும் அவர்தம் ஒரு வயதுக் குழந்தைகளுக்கும் இடையே உணவு வேளையில் பிணக்கு மிகுந்திருந்தது. குழந்தை உணவைச் சிந்துவதும் தானே உண்ண முயல்வதும் தாய்க்குப் பதற்றத்தை அளிக்கலாம். உணவு வேளையைக் காணொளியாகப் பதிந்து தாயுடன் பார்த்துப் பேசும் முறை இப்பிணக்கைக் குறைப்பதாக இக்குழுவினரின் 2006-ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. எனவே இச்சிக்கல் மாற்றக்கூடியதே.

குடும்பத்தின் பங்கு

உடல் பருத்தது, மெலிந்தது என்ற பேச்சுகளைத் தவிர்ப்பதும், உடன் அமர்ந்து உண்பதும், தாய் உண்ணும் நேரத்தில் குழந்தையை ஏந்திக்கொள்வதும் பெரிதும் உதவும். தமிழரிடையே பிள்ளை பெற்ற பெண்ணுக்குப் பத்திய உணவு அளிக்கும் வழக்கம் உண்டு. இவ்வழக்கம் நோயன்று. எனினும் முன்னர் நோயுற்றிருந்த ஒருவருக்கு, உணவை மறுப்பதற்கு அது யாரும் ஐயுறாத காரணமாகிவிடலாம். விலக்கும் உணவுகளுக்கு ஈடாக வேறு உணவு போதிய அளவு கிடைப்பதை உறுதிசெய்தல் வேண்டும்.

மருத்துவ உதவி

பிரித்தானியாவின் நைசு நிறுவனம் 2014-இல் வெளியிட்ட வழிகாட்டல், இப்பெண்களுக்கு உளச்சிகிச்சை அளிக்கவும், கருவுற்ற காலம் முழுவதும் அதன் பின்னும் அவர்களைக் கண்காணிக்கவும் பரிந்துரைக்கிறது. ஒரு வேளை உணவு தவறுவது நோய் மீண்டதாகாது. பழைய பழக்கம் தொடர்ந்து நிகழ்ந்தால் தாமதியாது உதவி பெற வேண்டும். மயக்கம், நெஞ்சுப் படபடப்பு, தொடர் வாந்தி, தற்கொலை எண்ணம் ஆகியவை தோன்றின் உடனடி மருத்துவம் தேவை. தொடர் வாந்தியால் இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பு சீர்கெடக்கூடும்.