யூதருக்காக ஜெபிப்பது: 'ஆக' என்னும் சொல்லுருபின் அரசியல்

ஐந்தாறு கிறிஸ்தவர்கள் ஒரு வீட்டில் கூடி 'யூத மக்களுக்காக ஜெபிப்போம்' என்று ஒரு சிறு குழுவை ஆரம்பித்தால் அதில் என்ன பிரச்சினை? ஜெபம் யாரையும் அடிக்கிறதில்லையே என்று கேட்கலாம். பிரச்சினை அந்த 'ஆக'வில் இருக்கிறது. ஒருவருக்காக வேண்டுவது என்றால் அவர் பக்கம் நின்று வேண்டுவது என்றும் அர்த்தமாகும். அவர் இப்போ இருக்கிற மாதிரி இல்லாமப் போகணும்னு வேண்டுவது என்றும் அர்த்தமாகும். கத்தோலிக்கத் திருச்சபையின் அனுபவத்தை வைத்து இதைப் பார்க்கலாம்.

முதலில் பிரதி. பழைய பெரிய வெள்ளி வழிபாட்டில் பல தரப்பாருக்காக வரிசையாக மன்றாடுவார்கள். யூதர் முறை வரும்போது 'பெர்ஃபிதிஸ்' என்று ஓர் அடைமொழி சேரும். லத்தீனில் அதற்கு 'விசுவாசமற்ற' என்றுதான் பொருள் என்று சில அறிஞர்கள் வாதிட்டார்கள். ஆனால் அதிலிருந்து ஐரோப்பிய மொழிகளில் பிறந்த சொற்களுக்கு 'துரோகமான' என்று அர்த்தம். கோயிலில் இருந்த ஜனங்களோட காதுல எது விழுந்திருக்கும்னு தனியாச் சொல்ல வேண்டியதில்லை. அப்புறம் உடல்மொழி. மற்றவர்களுக்கான மன்றாட்டுகளில் முழந்தாளிடுவார்கள்; யூதருக்கு மட்டும் கிடையாது. யூதர்கள் முழந்தாளிட்டு யேசுவைக் கேலி செய்தார்கள் என்பது சொல்லப்பட்ட காரணம். சுவிசேஷத்தைத் திறந்தால் அப்படிக் கேலி செய்தவர்கள் ரோமானியச் சிப்பாய்கள்! சடங்கு தனக்கு வேண்டிய குற்றவாளியைத் தானே உற்பத்தி செய்துகொள்கிறது.

இதைக் கேள்வி கேட்டது ஒரு ஜெபக்குழுதான். 1926இல் ரோமில் 'அமிசி இஸ்ராயேல்' (இஸ்ராயேலின் நண்பர்கள்) என்ற சங்கம் தொடங்கியது. அதைத் தொடங்கியதில் முக்கியப் பங்கு, யூதக் குடும்பத்தில் பிறந்து கத்தோலிக்கரான ஃபிரான்சிஸ்கா வான் லேயர் என்ற பெண்ணுக்கு உண்டு. 1927 முடிவதற்குள் 19 கர்தினால்கள், 278 ஆயர்கள், ஏறக்குறைய 3000 குருக்கள் அதில் சேர்ந்துவிட்டார்கள். அந்த அடைமொழியை எடுங்கள், முழந்தாளிடுவதைத் திருப்பிக் கொடுங்கள் என்று சங்கம் கேட்டது. வழிபாட்டு முறைகளைக் கவனிக்கும் பிரிவில் இதற்கு ஆதரவு இருந்தது. கோட்பாட்டைக் காவல் காக்கும் 'புனித அலுவலகம்' மறுத்தது. 1928 மார்ச் 25இல் சங்கமே கலைக்கப்பட்டது. வேடிக்கை என்னவென்றால், கலைத்த அதே ஆணை யூத வெறுப்பையும் கண்டிக்கிறது. வெறுப்பைப் பொதுவாகக் கண்டிக்கலாம். அதற்குச் சொல் எடுத்துக் கொடுக்கிற பிரதியில் கை வைக்கக் கூடாது! இந்தச் சங்கத்தாரும் யூதர்கள் கடைசியில் கிறிஸ்துவிடம் வந்து சேரவேண்டும் என்றே விரும்பினார்கள் என்பதையும் மறைக்க வேண்டாம். நேசத்துக்குள்ளேயும் அந்த இரண்டாவது 'ஆக' உட்கார்ந்திருந்தது.

முதல் 'ஆக'வுக்கு பெர்லினில் ஓர் உதாரணம் உண்டு. 1938 நவம்பரில் யூதத் தொழுகைக்கூடங்கள் கொளுத்தப்பட்டன. அப்போது புனித ஹெட்விக் பேராலயத்துக் குரு பெர்ன்ஹார்ட் லிஷ்டன்பெர்க், எரிகிறதும் கடவுளின் வீடுதான் என்று சொல்லி, யூதருக்காகவும் சிறைப்பட்டவர்களுக்காகவும் வெளிப்படையாக மன்றாடத் தொடங்கினார். தினமும் மாலையில் அது நடந்தது. கேட்ட இரண்டு மாணவிகள் காட்டிக்கொடுத்தார்கள். 1941 அக்டோபரில் கைது, பிறகு இரண்டு வருஷச் சிறை. தாஹாவ் முகாமுக்குக் கொண்டுபோகிற வழியில் 1943 நவம்பர் 5 அன்று இறந்துபோனார். இந்த ஜெபத்தில் மாற வேண்டியவர்கள் யூதர்கள் அல்ல. அதனால்தான் நாஜி அரசுக்கு அது குற்றமாகப் பட்டது.

1955இல் முழந்தாளிடுதல் திரும்பி வந்தது. 1959இல் 23ஆம் யோவான் அந்த அடைமொழியை நீக்கினார். 1928இல் மறுத்ததைச் செய்து முடிக்க முப்பத்தோரு வருஷம். இடையில் அறுபது லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டிருந்தார்கள். ஜெபம்தான் கொன்றது என்று சொல்ல வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரனை இழுத்துப் போகும்போது கதவைச் சாத்திக்கொள்ள, தலைமுறை தலைமுறையாகக் காதில் விழுந்த ஒரு சொல் உதவும் என்கிறோம். 1970இன் புதிய மன்றாட்டு, யூதர்கள் தங்கள் உடன்படிக்கையில் உண்மையாக வளர வேண்டுகிறது. ஆனால் பழைய லத்தீன் முறைக்கென்று 2008இல் 16ஆம் பெனடிக்ட் எழுதியது, அவர்கள் யேசுவை மீட்பராக ஏற்க வேண்டுகிறது. சண்டை தீர்ந்தபாடில்லை.

இன்று குழு தொடங்குகிறவர்களுக்கு இன்னொரு கண்ணியும் இருக்கிறது. கிறிஸ்தவ சியோனியக் கதையாடலில் யூதர்கள் மனுஷர்களே அல்ல. உலக முடிவு நாடகத்தில் வேஷக்காரர்கள். மக்களுக்கான ஜெபம் ஓர் அரசுக்கான ஜெபமாகி, அந்த அரசின் துப்பாக்கிக்கு முன்னால் நிற்கிற பாலஸ்தீனர் காணாமல் போகிறார்கள். பெத்லகேமின் கிறிஸ்தவர்களும் அதில் அடக்கம். 2009இல் பாலஸ்தீனக் கிறிஸ்தவர்கள் வெளியிட்ட 'கைரோஸ்' ஆவணம், ஆக்கிரமிப்பைப் பாவம் என்றே சொன்னது.

எனவே குழு ஆரம்பிக்கட்டும். ஆனால் முதல் கூட்டத்திலேயே சொல்லப்போகிற வாசகத்தை மேசை மேல் வைத்து மூன்று கேள்வி கேட்கட்டும். யாருக்காகச் சொல்கிறோமோ அவர்களில் ஒருவர் இந்த அறையில் இருந்தால், இதே வார்த்தைகளை அவர் முகத்துக்கு நேராகச் சொல்ல முடியுமா? இதில் மாறச் சொல்வது யாரை, அவர்களையா, நம்மையா? இந்த வாசகத்தில் நாம் பேர் சொல்லாமல் விட்டது யாரை? பதில் சொல்ல முடியாத வரிகளை அடித்துவிட்டு மீதியை ஜெபிக்கலாம்.