கல்லாப்பெட்டி அருகே ஒரு கம்பியில்லா எலி



மளிகைக் கடைக்காரனுக்கு எலி என்றாலே ஆகாது. மூட்டையைக் கடிக்கும், பருப்பைச் சிந்தும், இரவெல்லாம் தூங்க விடாது. பூனை வளர்த்தும் பொறி வைத்தும் எலியை விரட்டியே பழகிய நாம், இன்று ஓர் எலியைக் காசு கொடுத்து வாங்கி, கல்லாப்பெட்டிக்குப் பக்கத்திலேயே வைத்துக் கொண்டிருக்கிறோம். கணிப்பொறியோடு வரும் மௌஸைத்தான் சொல்கிறேன். அதிலும் வால் இல்லாத, அதாவது கம்பி இல்லாத மௌஸ் இப்போது சின்னக் கடைகளிலும் வந்துவிட்டது. அது நன்றாக ஓடும்வரை கவலையில்லை. நின்றுவிட்டால் நம் வியாபாரமும் சேர்ந்து நிற்கிறது. அப்படி நின்று நான் பட்ட பாட்டையும், அதிலிருந்து கற்றதையும் சக வியாபாரிகளோடு பகிர்ந்து கொள்ளவே இக்கட்டுரை.

பொங்கல் நேரத்தில் வந்த சோதனை

மல்லாங்கிணறு கடைவீதியில் எனக்கு ஒரு மளிகைக் கடை. என் தந்தையார் காலத்தில் சிட்டையும் பேரேடும்தான். 2017ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் தேதி சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்த பிறகு, ஆடிட்டர் சொன்னதன் பேரில் கணிப்பொறி வாங்கினேன். மேசையில் இடம் அடைக்கிறது, பை தூக்கும்போது வயரில் மாட்டுகிறது என்பதால், பிறகு கம்பியில்லா மௌஸாக மாற்றிக் கொண்டேன்.

ஒரு பொங்கல் சமயம். சுற்றுப்பட்டுக் கிராமங்களிலிருந்து சனம் வந்து குவிந்திருந்தது. பச்சரிசி, வெல்லம், பாசிப்பருப்பு, முந்திரி, ஏலக்காய் என்று சீட்டை நீட்டிக் கொண்டு பத்துப் பேர் நிற்கிறார்கள். திரையில் அம்புக்குறி அப்படியே உறைந்து நின்றது. இரண்டு நிமிடம் கழித்துத் தானாக நகர்ந்தது. மறுபடி நின்றது. "என்ன அண்ணாச்சி, பஸ் போயிரும்" என்று ஓர் அம்மா சலித்துக் கொண்டு, பாதிச் சாமானை வைத்துவிட்டு அடுத்த கடைக்கு நடந்துவிட்டார். அன்று துண்டுத் தாளில் பில் போட்டுச் சமாளித்தோம். அத்தனையையும் இரவு பன்னிரண்டு மணி வரை உட்கார்ந்து ஏற்றினோம்.

இனி நான் செய்த தவறைச் சொல்கிறேன். கணிப்பொறியில் உட்காரும் பையன் மேல் என் கோபம் திரும்பியது. "நீதான் கீழே போட்டு உடைச்சிருப்ப. பொங்கல் காசுல பிடிச்சுக்கிடுவேன்" என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டேன். "நான் போடலை மொதலாளி" என்றதோடு அவன் தலையைக் குனிந்து கொண்டான். பழுது பார்ப்பவரை வரவழைத்தேன். அவர் வந்த நேரம் மௌஸ் ஒழுங்காக ஓடியது. "இது பழசாயிருச்சு, மாத்திருங்க" என்றார். புது மௌஸுக்கும் அவர் கூலிக்குமாக ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஆயிற்று. மறுநாளே புது மௌஸும் அதேபோல் நின்றது!

கடைசியில் காரணத்தைக் கண்டுபிடித்தவன் அந்தப் பையன்தான். "மொதலாளி, அந்தக் கறுப்புப் பெட்டியில லைட்டு மினுக்கும்போது மட்டுந்தான் மௌஸ் நிக்குது" என்றான். கணக்கைப் பிரதி எடுத்து வைக்க நான் புதிதாக வாங்கி மாட்டிய ஹார்டு டிஸ்க்தான் அந்தக் கறுப்புப் பெட்டி. மணிக்கொரு தரம் கணக்கு தானாக அதில் பதிவாகும்படி செய்திருந்தோம். மௌஸின் ரிசீவர் அதற்கு ஒட்டினாற்போல் அடுத்த துளையில் செருகியிருந்தது. ரிசீவரைப் பிடுங்கி முன்பக்கத் துளையில் மாட்டினோம். அன்று முதல் இன்றுவரை ஒரு தொல்லையும் இல்லை.

காரணம் என்ன?

மௌஸ் என்பது புதிய சாதனமல்ல. அமெரிக்காவில் டக்ளஸ் எங்கல்பர்ட் என்பவர் தம் குழுவினரோடு 1964இல் மரப்பெட்டியில் சக்கரம் வைத்து முதல் மௌஸை உருவாக்கினார். 1968 டிசம்பர் 9 அன்று சான்பிரான்சிஸ்கோவில் பலர் முன்னிலையில் அதை இயக்கிக் காட்டினார். ரேடியோ அலையில் இயங்கும் கம்பியில்லா மௌஸை லாஜிடெக் நிறுவனம் 1991இல் கொண்டு வந்தது.

இன்று நம் கடைகளில் உள்ள கம்பியில்லா மௌஸ்கள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் என்னும் அலைவரிசையில் பேசுகின்றன. மௌஸ் சொல்வதை, கணிப்பொறியில் செருகிய சிறு ரிசீவர் கேட்டுக் கொள்கிறது. இந்த அலைவரிசையை, குறைந்த சக்தியுள்ள சாதனங்கள் உரிமம் இல்லாமல் பயன்படுத்த நம் நாட்டில் 2005இல் அனுமதி தரப்பட்டது. வை-ஃபை, புளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் இதே பாதையில்தான். சந்தை நாளில் கடைவீதியில் நாலு பேர் ஒரே நேரத்தில் கூவினால் எப்படியோ அப்படி.

என் கடையில் நடந்தது இதில் ஒரு தனி வகை. யு.எஸ்.பி. 3.0 என்னும் வேகமான இணைப்பு 2008இல் வெளிவந்தது. அது ஓடும்போது வயரிலிருந்தும் துளையிலிருந்தும் ஒருவித ரேடியோ இரைச்சல் கசிகிறது. அந்த இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியிலும் விழுகிறது. இன்டெல் நிறுவனமே இதை ஆராய்ந்து 2012இல் அறிக்கை வெளியிட்டிருக்கிறது. ரைஸ் மில் ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் மெல்லப் பேசினால் காதில் விழுமா? அதே நிலைதான் ரிசீவருக்கும். ஹார்டு டிஸ்க் சும்மா இருக்கும்போது மௌஸ் நன்றாக ஓடும், பதிவாகும்போது நிற்கும். பழுது பார்ப்பவர் வந்த நேரம் பழுது தெரியாமல் போனதும் இதனால்தான்.

வரிசையாகப் பார்க்க வேண்டியவை

மௌஸ் நின்றதும் புதிது வாங்க ஓட வேண்டாம். கீழ்க்கண்டவற்றை வரிசையாகப் பார்த்தால் பெரும்பாலும் செலவில்லாமல் தீரும்.

1. பேட்டரி: முதலில் மௌஸின் அடிப்பக்கத்தில் உள்ள சுவிட்ச் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். துடைக்கும்போது அது அணைந்துவிடுவது உண்டு. பிறகு பேட்டரியை மாற்றுங்கள். சுவர்க் கடிகாரத்துக்கு நாம் விற்கும் சாதாரண பேட்டரி மௌஸில் சீக்கிரம் தீர்ந்துவிடும். அல்கலைன் வகையே ஏற்றது. நம் கடைச் சரக்குதானே என்று அலமாரியில் நெடுநாள் கிடந்ததை எடுத்துப் போடாமல், அதில் அச்சிட்ட தேதியைப் பாருங்கள். உள்ளே உள்ள கம்பிச்சுருளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் பேட்டரி கசிந்திருக்கிறது என்று பொருள். உலர்ந்த துணியால் சுத்தம் செய்யுங்கள். அடியில் சிவப்பு விளக்கு எரியவில்லை என்பதை மட்டும் வைத்து மௌஸ் செத்துவிட்டது என்று முடிவு கட்டக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத ஒளியில் இயங்கும் மௌஸ்களும் உண்டு.

2. ரிசீவர்: அதைப் பிடுங்கி, பத்து விநாடி கழித்து வேறு துளையில் செருகுங்கள். ஒன்றைப் பலவாகப் பிரிக்கும் பெட்டி இருந்தால் அதில் செருகாமல் நேரடியாகக் கணிப்பொறியில் செருகுங்கள். கடையில் இரண்டு கணிப்பொறி இருந்தால் ஒன்றின் ரிசீவரை மற்றதில் மாற்றிச் செருகிவிடும் தவறு நடக்கும். ஒரு மௌஸுக்கு அதனோடு வந்த ரிசீவரே கேட்கும். இரண்டிலும் ஒரே நிறத்தில் ஒரு பொட்டு வைத்துவிட்டால் குழப்பமில்லை. ரிசீவர் தொலைந்தால் மலிவு வகை மௌஸ் பெரும்பாலும் வீண்தான். எனவே கணிப்பொறியை இடம் மாற்றும்போது அதை முதலில் கழற்றிப் பத்திரப்படுத்துங்கள்.

3. நீலத் துளை: யு.எஸ்.பி. 3.0 துளையின் உள்ளே பெரும்பாலும் நீல நிறம் இருக்கும். ஹார்டு டிஸ்க், பென் டிரைவ் ஆகியவற்றை அதில் மாட்டுங்கள். ரிசீவரை அதற்குத் தள்ளி, கறுப்பு அல்லது வெள்ளைத் துளையில் மாட்டுங்கள். பக்கத்தில்தான் இடம் இருக்கிறது என்றால், ஒரு முழ நீள யு.எஸ்.பி. நீட்டிப்பு வயர் வாங்கி, ரிசீவரை மேசை மேல் கொண்டு வந்துவிடுங்கள். இதற்கு ஆகும் செலவு சொற்பமே.

4. தூரமும் தகரமும்: நம் கடைகளில் கணிப்பொறிப் பெட்டி மேசைக்கு அடியில், எண்ணெய் டின்களுக்குப் பின்னால் இருக்கும். உலோகம் ரேடியோ அலையை மறைக்கும். மூட்டைகளும் மனித உடலும்கூட ஓரளவு உறிஞ்சும். பெட்டி பத்து மீட்டர் எட்டும் என்று அட்டையில் போட்டிருப்பது தடையில்லாத வெளியில்தான். ரிசீவரும் மௌஸும் ஒன்றையொன்று பார்க்கும்படி இருப்பது நல்லது.

5. கண்ணாடியும் தூசியும்: கல்லா மேசைக்குக் கண்ணாடி போட்டு, அடியில் சாமி படமும் காலண்டரும் வைப்பது நம் வழக்கம். பெரும்பாலான மௌஸ்களின் கண்ணுக்குக் கண்ணாடிப் பரப்பு பிடிபடாது. அம்புக்குறி துள்ளும், அல்லது நகராது. இணைப்புப் போய்விட்டது என்று நாம் நினைப்போம். ஓர் அட்டையோ பழைய டைரியோ வைத்தால் சரியாகிவிடும். மேலும் நம் பக்கம் கரிசல் தூசி, கடைக்குள் மல்லி, மிளகாய்த் தூள், மாவு. மௌஸின் அடியில் உள்ள துளையில் இவை படிந்துவிடும். வாரம் ஒரு முறை உலர்ந்த பஞ்சால் துடைத்துவிடுங்கள். ஊத வேண்டாம், மிளகாய்த் தூள் கண்ணில் அடிக்கும்.

6. மின் சிக்கன ஏற்பாடு: சற்று நேரம் சும்மா விட்டபின் மட்டும் மௌஸ் எழவில்லை என்றால், கணிப்பொறியே அந்தத் துளைக்கு மின்சாரத்தை நிறுத்துகிறதா என்று பார்க்க வேண்டும். விண்டோஸ் விசையோடு எக்ஸ் எழுத்தை அழுத்தி, பிறகு எம் எழுத்தை அழுத்தினால் டிவைஸ் மேனேஜர் திறக்கும். அதன் கடைசிப் பகுதியில் யு.எஸ்.பி. ரூட் ஹப் என்று இருக்கும். அதில் பவர் மேனேஜ்மென்ட் பக்கம் சென்று, மின்சாரத்தைச் சேமிக்க இதை நிறுத்தலாம் என்ற வரிக்கு எதிரே உள்ள குறியை எடுத்துவிடுங்கள்.

7. புளூடூத் வகை: ரிசீவரே இல்லாத மௌஸ் என்றால் அது புளூடூத் வகை. கணிப்பொறியின் புளூடூத் பட்டியலிலிருந்து அதன் பெயரை நீக்கிவிட்டு, மறுபடி புதிதாகச் சேர்த்துக் கொள்ளுங்கள்.

8. முடிவான சோதனை: இவ்வளவுக்கும் பிறகும் ஓடவில்லை என்றால், மௌஸையும் ரிசீவரையும் பக்கத்துக் கடைக் கணிப்பொறியில் மாட்டிப் பாருங்கள். அங்கே ஓடினால் மௌஸில் குற்றமில்லை, நம் கணிப்பொறியில்தான் கோளாறு. அங்கும் ஓடாவிட்டால் மட்டுமே புதிது வாங்க வேண்டும். இந்தச் சோதனையை நான் முதலிலேயே செய்திருந்தால் ஆயிரம் ரூபாய் மிஞ்சியிருக்கும்.

கூட்ட நேரத்தில் என்ன செய்வது?

காரணம் தேட நேரம் இல்லாதபோது கைகொடுப்பது கீபோர்டுதான். இடப்பக்கத்து ஆல்ட், இடப்பக்கத்து ஷிப்ட், நம்லாக் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்துங்கள். திரையில் ஒரு கேள்வி வரும். என்டர் விசையைத் தட்டுங்கள். இனி வலப்பக்க எண் பலகையே மௌஸ். 8 மேலே, 2 கீழே, 4 இடப்பக்கம், 6 வலப்பக்கம் அம்புக்குறியை நகர்த்தும். 5 தட்டினால் கிளிக். அந்த நேரம் தொகைகளை மேல்வரிசை எண்களில் அடிக்க வேண்டும். வேலை முடிந்ததும் அதே மூன்று விசைகளை அழுத்தினால் பழைய நிலை வந்துவிடும்.

டாலி வைத்திருப்பவர்களுக்கு மௌஸே தேவையில்லை என்று சொல்லலாம். எஃப்8 விற்பனை, எஃப்9 கொள்முதல், எஃப்5 கொடுத்தது, எஃப்6 பெற்றது. கன்ட்ரோலும் ஏ எழுத்தும் சேர்த்து அழுத்தினால் பதிவாகிவிடும். இந்த ஐந்தையும் ஓர் அட்டையில் எழுதித் திரைக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, கம்பி உள்ள சாதாரண மௌஸ் ஒன்றை வாங்கிக் கல்லாவில் போட்டு வையுங்கள். அதற்குப் பேட்டரியும் வேண்டாம், ரிசீவரும் வேண்டாம். மாதாமாதம் ஜி.எஸ்.டி.ஆர்.-3பி தாக்கல் செய்பவர்களுக்கு 20ஆம் தேதி கெடு. கட்ட வேண்டிய வரி இருந்து, தாக்கல் தாமதமானால் நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், அது போக வரித் தொகைக்கு வட்டி. மௌஸ் நின்றுவிட்டது என்று சொன்னால் கட்டணம் குறையாது.

ஆளைக் குறை சொல்லுமுன்

அந்தப் பொங்கலுக்குப் பையனுக்குக் காசு பிடிக்கவில்லை. அதோடு ஒரு வேட்டி சட்டையும் எடுத்துக் கொடுத்தேன். நாலு பேர் முன்னால் திட்டியதால், நாலு பேர் முன்னாலேயே "தப்பு என் மேலதான் தம்பி" என்றும் சொன்னேன். அதைச் சொல்வது, திட்டியதைவிடக் கடினமாகத்தான் இருந்தது. ஆனால் இன்று கணிப்பொறியில் எது கோளாறானாலும், மறைக்காமல் உடனே என்னிடம் வந்து சொல்கிறான். அதனால் எனக்கு மிஞ்சும் நேரமும் பணமும் கொஞ்சமல்ல.

இருப்பில் பத்து ரூபாய் குறைந்தால் நாம் முதலில் கூட்டலைத்தான் சரிபார்க்கிறோம், பிறகுதான் ஆளைக் கேட்கிறோம். கணக்கில் கடைப்பிடிக்கும் அந்த ஒழுங்கை இயந்திரத்திலும் கடைப்பிடிப்போம். முதலில் பேட்டரி, பிறகு ரிசீவர், பிறகு துளை. ஆள் மேல் சந்தேகம் கடைசியில் வரட்டும்.

கடையில் கணிப்பொறி வைத்திருக்கும் அன்பர்கள் இந்த வாரமே ஒருமுறை மேசைக்கு அடியில் குனிந்து, ரிசீவர் எதற்குப் பக்கத்தில் இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.