வாக்களித்தவர்கள் ஒரு பக்கம், கட்சிப் பெரியவர்கள் மறுபக்கம்

2008 பிப்ரவரியில் ஜான் லூயிஸுக்கு ஏற்பட்ட சங்கடம் சாதாரணமானதல்ல. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், அட்லாண்டா நகரை உள்ளடக்கிய தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் அவர். 1965இல், 25 வயதில், கறுப்பின மக்களின் வாக்குரிமைக்காகச் செல்மா நகரப் பாலத்தில் ஊர்வலம் சென்றபோது காவல் துறையினரின் தடியடியில் மண்டை உடைந்தவர். ஒரு வாக்கின் விலை என்ன என்று அவருக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளராக ஹில்லரி கிளின்டன் வரவேண்டும் என்று அவர் முந்தைய ஆண்டே அறிவித்திருந்தார். கிளின்டன் குடும்பத்துடன் அவருக்கு நெடுநாள் நட்பு. ஆனால் பிப்ரவரி 5ஆம் தேதி அவருடைய தொகுதி மக்கள் பராக் ஒபாமாவுக்குப் பெருவாரியாக வாக்களித்துவிட்டார்கள். லூயிஸின் கையிலோ தனியாக ஒரு வாக்கு இருந்தது. அதை அவர் யாருக்கு வேண்டுமானாலும் போடலாம். கட்சி விதி அவரைத் தடுக்கவில்லை. நண்பருக்குப் போடுவதா, தொகுதி மக்கள் காட்டிய ஆளுக்குப் போடுவதா? அம்மாத இறுதியில் அவர் ஒபாமா பக்கம் மாறினார்.

அந்தத் தனி வாக்கு அவருக்கு எப்படி வந்தது என்பதைப் புரிந்துகொள்ள, அமெரிக்கக் கட்சிகள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முறையைக் கொஞ்சம் பார்க்கவேண்டும். பெரும்பாலான மாநிலங்களில் முதனிலைத் தேர்தல் நடக்கும். கட்சி ஆதரவாளர்கள் வாக்களிப்பார்கள். அந்த வாக்குகளுக்கு ஏற்ப ஒவ்வொரு போட்டியாளருக்கும் பேராளர்கள் கிடைப்பார்கள். கோடைக்காலத்தில் கூடும் தேசிய மாநாட்டில் பெரும்பான்மைப் பேராளர்களின் ஆதரவைப் பெறுபவரே வேட்பாளர். இவர்களோடு, எந்த வாக்காளரும் தேர்ந்தெடுக்காத இன்னொரு வகைப் பேராளர்களும் ஜனநாயகக் கட்சி மாநாட்டில் அமர்வார்கள். ஆளுநர்கள், நாடாளுமன்ற உறுப்பினர்கள், முன்னாள் அதிபர்கள், கட்சியின் தேசியக் குழு உறுப்பினர்கள். இவர்களைத்தான் ஊடகங்கள் 'சூப்பர் டெலிகேட்' என்று அழைக்கின்றன. நாம் உயர்நிலைப் பேராளர்கள் என்று சொல்லலாம். 2008இல் இவர்கள் ஏறத்தாழ 800 பேர். மொத்தப் பேராளர்களில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு.

உங்கள் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கத்தில் தலைவர் தேர்தல் நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மாணவர்களுக்கு 80 வாக்குகள், முன்னாள் தலைவர்களுக்கும் ஆலோசகர்களுக்கும் 20 வாக்குகள். மாணவர்கள் 43க்கு 37 என்று ஒருவரை முன்னிறுத்துகிறார்கள். அந்த 20 பேரும் 37 வாங்கியவரின் பக்கம் சாய்ந்தால்? அடுத்த மாதம் சங்கம் நடத்தும் கலைவிழாவுக்கு நாற்காலி தூக்க எத்தனை பேர் வருவார்கள்?

இந்த முறை ஏன் வந்தது என்பதற்கு ஒரு கதை உண்டு. 1968இல் வியட்நாம் போரால் நாடே கொந்தளித்துக்கொண்டிருந்தது. போரை எதிர்த்த யூஜின் மெக்கார்த்தியும் ராபர்ட் கென்னடியும் முதனிலைத் தேர்தல்களில் மோதினார்கள். கலிஃபோர்னியாவில் வென்ற இரவில் கென்னடி சுடப்பட்டு இறந்தார். இறுதியில் வேட்பாளர் ஆனவரோ துணையதிபர் ஹியூபர்ட் ஹம்ஃப்ரி. அவர் ஒரு முதனிலைத் தேர்தலில்கூடப் போட்டியிடவில்லை. அக்காலத்தில் பெரும்பாலான பேராளர்களை மாநிலக் கட்சித் தலைவர்களே நியமித்தார்கள். அவர்களின் ஆதரவு போதுமானதாக இருந்தது. சிகாகோ மாநாட்டு மண்டபத்துக்குள் கூச்சல், வெளியே தெருவில் இளைஞர்கள்மீது காவல் துறையின் தடியடி. நவம்பரில் ரிச்சர்ட் நிக்சன் வென்றார்.

அந்த அவமானத்துக்குப் பின் கட்சி விதிகளை மாற்றி, தேர்ந்தெடுக்கும் உரிமையை வாக்காளர்களிடம் கொடுத்தது. 1972இல் அவர்கள் தேர்ந்தெடுத்தவர் ஜார்ஜ் மெக்கவர்ன். இங்கேதான் விசுவாசத்தின் இன்னொரு முகம் தெரிந்தது. தோற்றவர்கள் கட்சிக்காக ஒன்றுபட வேண்டும் என்று எப்போதும் சொல்லிவந்த பெரியவர்களில் சிலரே இப்போது ஒதுங்கினார்கள். ஜனநாயகக் கட்சிக்குத் தோள்கொடுத்துவந்த தொழிற்சங்கக் கூட்டமைப்பு, யாரையும் ஆதரிக்காமல் நடுநிலை வகித்தது. டெக்சஸ் மாநிலத்தின் முன்னாள் ஜனநாயகக் கட்சி ஆளுநர் ஜான் கானலி, நிக்சனுக்கு ஆதரவு திரட்டும் குழுவுக்கே தலைமை தாங்கினார். மெக்கவர்ன் 49 மாநிலங்களில் தோற்றார்.

1980இல் ஜிம்மி கார்ட்டரும் தோற்றபின், 'அனுபவசாலிகளுக்கும் ஓர் இடம் வேண்டும்' என்ற குரல் வலுத்தது. வட கேரொலைனா ஆளுநர் ஜிம் ஹண்ட் தலைமையிலான குழுவின் பரிந்துரைப்படி, 1984 மாநாட்டில் உயர்நிலைப் பேராளர்கள் முதன்முறையாக அமர்ந்தார்கள். அவர்கள் பெரிதும் ஆதரித்தது வால்டர் மாண்டேலை. நவம்பரில் அவர் எத்தனை மாநிலங்களில் தோற்றார் தெரியுமா? அதே 49. பெரியவர்களின் அனுபவம் தேர்தலில் வெல்ல உதவும் என்ற வாதம் முதல் சோதனையிலேயே சறுக்கியது. மாண்டேல் முதனிலைத் தேர்தல்களிலும் முன்னணியில் இருந்தவர்தான் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

மீண்டும் 2008க்கு வருவோம். கிளின்டன், ஒபாமா இருவருமே தேர்ந்தெடுக்கப்பட்ட பேராளர்களை மட்டும் வைத்துப் பெரும்பான்மையைத் தொட முடியாத நிலை. முடிவு உயர்நிலைப் பேராளர்களின் கையில். அவர்களில் ஒருவரான டோனா பிரேசில், 2000ஆம் ஆண்டு அல் கோரின் தேர்தல் பரப்புரைக்குத் தலைமை தாங்கியவர். கட்சியே வாழ்க்கை என்று இருந்தவர். என்னையும் என் சகாக்களையும் போன்றவர்கள்தான் இந்தப் போட்டியை முடிவு செய்வார்கள் என்றால் நான் கட்சியை விட்டே விலகுவேன் என்று அவர் தொலைக்காட்சியில் அறிவித்தார். அதிகாரம் கையில் உள்ள ஒருவரே அதைச் சொன்னதுதான் கவனத்துக்குரியது. வாக்காளரின் முடிவை மாற்றுவது கட்சிக்குச் செய்யும் துரோகம் என்பது அவர் கணக்கு. நிலைமை அதுவரை போகவில்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட பேராளர்களில் ஒபாமா முந்தியிருந்தார். உயர்நிலைப் பேராளர்களும் மெல்ல மெல்ல அவர் பக்கமே வந்தார்கள்.

2016இல் கசப்பு முற்றியது. நியூ ஹேம்ப்ஷியரில் பெர்னி சாண்டர்ஸ் சுமார் 60 விழுக்காட்டு வாக்குகள் பெற்று வென்றார். ஆனால் அம்மாநில உயர்நிலைப் பேராளர்களில் பெரும்பாலோர் ஹில்லரி கிளின்டனை ஆதரித்ததால், இருவரும் சமம் என்பதுபோலத் தொலைக்காட்சிப் பட்டியல்கள் காட்டின. முதன்முறை வாக்களித்த கல்லூரி மாணவர் ஒருவர் அதைப் பார்த்தால் என்ன நினைப்பார்? ஜூன் 6ஆம் தேதி, கலிஃபோர்னியா வாக்களிப்பதற்கு முந்திய நாள், கிளின்டன் பெரும்பான்மையை எட்டிவிட்டார் என்று ஏபி செய்தி நிறுவனம் அறிவித்தது. உயர்நிலைப் பேராளர்களையும் சேர்த்துப் போட்ட கணக்கு அது.

உண்மை என்னவென்றால், கிளின்டன் அவர்கள் இல்லாமலேயே முன்னணியில் இருந்தார். சாண்டர்ஸைவிட முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் அதிகம் பெற்றிருந்தார். 1984 முதல் எந்த ஆண்டிலும் உயர்நிலைப் பேராளர்கள் வாக்காளரின் தேர்வைக் கவிழ்த்ததில்லை. ஆனால் கவிழ்க்க முடியும் என்ற நிலையே போதுமானதாக இருந்தது. நியாயமாகத் தோற்றவரின் ஆதரவாளர்களும் 'ஏமாற்றப்பட்டோம்' என்று நம்ப அது இடம் கொடுத்தது. கட்சித் தலைமையின் மின்னஞ்சல்கள் கசிந்து, தலைவர் பதவி விலக நேர்ந்தபோது அந்தச் சந்தேகம் இன்னும் இறுகியது. சாண்டர்ஸே கிளின்டனை ஆதரிக்கச் சொல்லியும் அவருடைய ஆதரவாளர்களில் ஒரு பகுதியினர் கேட்கவில்லை. ஒருமுறைகூடப் பயன்படுத்தாத அதிகாரத்துக்குக் கட்சி கொடுத்த விலை அது. அந்த விலை தேவையற்றது என்பதே என் கருத்து.

இதில் யாரும் சுத்தத் தங்கம் இல்லை. அதே சாண்டர்ஸ் 2016 மே மாதத்தில், தாம் பின்தங்கியிருந்தபோது, உயர்நிலைப் பேராளர்கள் தம் பக்கம் மாறவேண்டும் என்று வாதிட்டார். 2020இல் முன்னணிக்கு வந்ததும், அதிகப் பேராளர்களைப் பெற்றவரே வேட்பாளராக வேண்டும் என்றார்.

பெரியவர்களின் தரப்பிலும் ஒரு வலுவான வாதம் உண்டு. 2016இல் குடியரசுக் கட்சித் தலைவர்கள் பலர் டோனல்ட் டிரம்பை விரும்பவில்லை. அவர்களிடம் இப்படிப்பட்ட தனி வாக்குகள் இல்லாததால் தடுக்க முடியவில்லை. ஒரு கட்சி என்பது ஒரு பருவத்தில் வந்து வாக்களிப்பவர்கள் மட்டும்தானா, பல்லாண்டு உழைத்தவர்களுக்குச் சொல்ல எதுவுமே இல்லையா என்று கேட்டால் எளிதில் தள்ளிவிட முடியாது.

மலேசியாவில் வளரும் நமக்கு இந்தச் சண்டையே விசித்திரமாகத் தோன்றலாம். இங்கே வேட்பாளரை முடிவு செய்வது கட்சித் தலைமை. வேட்புமனுத் தாக்கலுக்குச் சில நாள் முன்புதான் தொகுதி மக்களுக்குப் பெயரே தெரியவரும். முழுவதையும் தலைமையே தீர்மானிப்பதை ஏற்றுக்கொள்ளும் நாம், ஐந்தில் ஒரு பங்குக்காக அமெரிக்கர்கள் கொதிப்பதைப் பார்த்துச் சிரிக்கலாம். ஆனால் கொடுக்காத உரிமை வேறு. கொடுத்துவிட்டு எடையைக் குறைப்பது வேறு. வரிசையில் நின்று வாக்களித்த பிறகுதான் அந்தக் கோபம் வரும்.

2018 ஆகஸ்டில் ஜனநாயகக் கட்சி விதியைத் திருத்தியது. போட்டியின் முடிவு ஏற்கெனவே உறுதியாகியிருந்தால் தவிர, முதல் சுற்றில் உயர்நிலைப் பேராளர்கள் வாக்களிக்க முடியாது. ஆனால் 2024இல் சிக்கல் வேறு வழியில் வந்தது. முதனிலைத் தேர்தல்களில் ஒரு கோடியே 40 லட்சம் பேர் அளவில் ஜோ பைடனுக்கு வாக்களித்திருந்தார்கள். ஜூலை 21ஆம் தேதி அவர் விலகினார். கட்சித் தலைவர்கள் விரைவாகக் கமலா ஹாரிஸின் பின்னால் திரண்டார்கள். ஆகஸ்ட் தொடக்கத்தில் பேராளர்கள் இணையவழி வாக்களித்து அவரை வேட்பாளர் ஆக்கினார்கள். அவரை வேட்பாளராகக் கேட்டு எந்த வாக்காளரும் வாக்களித்திருக்கவில்லை.

முதல் சுற்றில் யாருக்கும் பெரும்பான்மை கிடைக்காவிட்டால், இரண்டாம் சுற்றில் உயர்நிலைப் பேராளர்கள் மீண்டும் வாக்களிக்கலாம் என்று 2018 திருத்தம் கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. ஜனநாயகக் கட்சி மாநாடு கடைசியாக முதல் சுற்றைத் தாண்டியது 1952இல். அவ்வாண்டு முதனிலைத் தேர்தல்களில் பெரும்பாலானவற்றை வென்றவர் டென்னசி செனட்டர் எஸ்டஸ் கெஃபாவர். மூன்றாம் சுற்றில் வேட்பாளராக அறிவிக்கப்பட்டவர் அட்லாய் ஸ்டீவன்சன்.