விட்டுவிட்டு வந்தால் போதுமா?

"நாங்க கண்ண மூடிட்டா இவன யாரு பார்ப்பா?" ஸ்பிரிங்வெளிப் பக்கத்து லயங்களில், புத்தி வளர்ச்சி குறைந்த பிள்ளையை வளர்த்து ஆளாக்கிய தாய்மார் எம்மிடம் கேட்கும் கேள்வி இது. பிள்ளை என்கிறோம், அவனுக்கு முப்பது வயதும் ஆகியிருக்கும். தாய்க்கு முடியாத காலம் வரும்போது ஒரு விடுதியைத் தேட வேண்டியதாகிறது. அதில் குற்றமில்லை. ஆனால் சேர்த்ததோடு நமது வேலை முடிந்துவிடுவதில்லை.

தமிழ்நாட்டு ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6ஆம் திகதி அதிகாலை, மனநோயாளரைத் தங்க வைத்திருந்த ஓலைக் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் கட்டி வைத்திருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். மனநோய் வேறு, புத்தி வளர்ச்சிக் குறைவு வேறு. ஆனால் பிறர் கையில் விடப்பட்ட நிலை ஒன்றுதான்.

வசதியான நாடுகளில் இப்படி நடக்காது என்று நினைக்க வேண்டாம். இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகருக்கு அருகே விண்டர்போன் வியூ என்றொரு தனியார் ஆஸ்பத்திரி இருந்தது. புத்தி வளர்ச்சி குறைந்த பெரியவர்களுக்கானது. அங்கு ஊழியர்கள் நோயாளரை அடித்து வதைத்ததை 2011இல் பிபிசி மறைவாகப் படம் பிடித்துக் காட்டியது. 11 பேர் குற்றவாளிகளாகி, அவர்களில் 6 பேர் 2012இல் சிறை சென்றார்கள். பின்பு நடந்த விசாரணையில் வெளிவந்த ஒரு விஷயம் நம் எல்லோருக்கும் பாடம்: பார்க்க வந்த உறவினரைப் படுக்கை அறைப் பக்கம் விடுவதில்லையாம்.

ஆகவே விடுதி பார்க்கப் போனால் முன்னறையில் தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பாதீர்கள். படுக்கும் இடம், கக்கூஸ், குசினி எல்லாம் பாருங்கள். பதிவு செய்த இடமா என்று பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடம் கேளுங்கள். சேர்த்த பிறகும் சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் பாருங்கள். ஒரு நாள் பேர் போகும்தான், பஸ் காசும் லேசில்லை. சொந்தக்காரர் இரண்டு மூன்று பேர் முறை வைத்துப் போகலாம்.

நன்றாகச் சாப்பிட்டவன் மெலிந்திருந்தால், யாரோ ஒருவரைக் கண்டதும் ஒதுங்கினால், உடம்பில் காயமிருந்தால், "விழுந்துட்டான்" என்ற பதிலோடு விட்டுவிடாதீர்கள். திகதி போட்டு எழுதி வையுங்கள்.

ஆஸ்பத்திரியில் மொழியும் ஒரு கஷ்டம். வார்ட்டில் இருக்கும் தாதிக்குச் சிங்களம் மட்டும் தெரிந்திருக்கும். நம்ம பிள்ளைக்குத் தமிழே நாலு வார்த்தைதான். வலி வந்தால் கத்துவான், குழப்படி செய்கிறான் என்று நினைப்பார்கள். பதுளைக்குக் கொண்டு போகும்போது ஒரு தாளில் இரு மொழியிலும் எழுதிக் கொடுங்கள்: என்ன பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும், என்ன மருந்து, வலித்தால் என்ன செய்வான், சாப்பாடு எப்படிக் கொடுப்பது, எதற்குப் பயம். சிங்களம் எழுதத் தெரிந்த பிள்ளைகள் இன்று தோட்டத்தில் இருக்கிறார்கள். கூட ஒருவர் நிற்க அனுமதி கேட்கவும் கூச்சப்படாதீர்கள்.

ஊனமுற்றோர் உரிமைகளைப் பாதுகாக்க 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் உண்டு. ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையையும் இலங்கை 2016இல் ஏற்றுக்கொண்டது. அநியாயம் நடந்தால் முதலில் பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். அடி உதை என்றால் நேரே பொலிசுக்குப் போங்கள். அரசாங்க இடமென்றால் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்குத் தமிழிலேயே எழுதலாம். அவர்களுடைய அவசர தொலைபேசி இலக்கமும் 1996தான். சட்டம் வந்த வருஷத்தை வைத்து ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்.