பந்துக்குள் அடங்காத நட்பு



சென்ற கோடை விடுமுறையில், ஒரு மாலைப் பொழுதில், என் பேர்த்தி தொலைக்காட்சிப் பெட்டியின் முன் அமர்ந்து கண்ணீர் வடித்துக்கொண்டிருந்தாள். யார் அடித்தார்கள் என்று கேட்டேன். ஒருவரும் அடிக்கவில்லை, ஒரு பட்டாம்பூச்சி தன் தோழனைப் பிரிந்து போகிறது என்றாள். அவள் பார்த்துக்கொண்டிருந்தது போக்கிமான் என்னும் சித்திரத் தொடர். குழந்தைகளின் பொழுதுபோக்கு என்று கருதி அதுகாறும் நான் அதனைப் பொருட்படுத்தியதில்லை. அழுகை ஓய்ந்தபின் அவள் என்னிடம் ஒன்று கேட்டாள்: "தாத்தா, ஆஷ் நல்லவன்தானே? நல்லவன் என்றால், காட்டில் தன் போக்கில் திரிகிற பிராணியை ஏன் பிடித்துப் பந்துக்குள் அடைக்கிறான்?"

அக்கேள்விக்கு என்னால் உடனே விடை கூற இயலவில்லை. விடை தேடும் பொருட்டு அத்தொடரின் பல பகுதிகளை அவளுடன் அமர்ந்து பார்த்தேன். அது தோன்றிய வரலாற்றையும் படித்தேன். அவ்வாறு அறிந்தவற்றையே இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

சட்டைப்பையில் அடங்கும் பூதங்கள் என்று பொருள்படும் 'பாக்கெட் மான்ஸ்டர்' என்னும் தொடரின் குறுக்கமே போக்கிமான். அக்கதை உலகில் விந்தைப் பிராணிகள் வாழ்கின்றன. ஒன்று நெருப்பை உமிழும். ஒன்று நீரைப் பீச்சும். மற்றொன்று மின்னலைப் பொழியும். பத்து வயது நிரம்பிய சிறுவர் சிறுமியர் அவற்றுள் ஒன்றைத் துணையாகக் கொண்டு ஊர் ஊராகப் புறப்படுகின்றனர். வழியில் எதிர்ப்படும் பிராணிகளைப் பந்து போன்ற கருவியால் பிடித்துப் பழக்குகின்றனர். ஊர்களில் உள்ள பயிற்சிக்கூடத் தலைவர்களுடன் போட்டியிட்டு வெற்றி முத்திரை பெறுகின்றனர். எட்டு முத்திரை பெற்றவர் பெரும் போட்டியிற் கலந்துகொள்ளலாம். கதையின் அமைப்பு இவ்வளவே.

இதன் வேரை நாடிச் சென்றால், பூச்சி பிடித்துத் திரிந்த ஒரு சிறுவனிடம் நாம் போய்ச் சேர்கிறோம். ஜப்பான் நாட்டின் தலைநகராகிய தோக்கியோவை அடுத்து மச்சிதா என்னும் ஊர் உள்ளது. 1965ஆம் ஆண்டு பிறந்த சதோஷி தாஜிரி அவ்வூரில் வளர்ந்தார். கோடை விடுமுறையில் வண்டு பிடிப்பது ஜப்பானியப் பிள்ளைகளுக்கு மிகவும் உவப்பான செயல். பிறர் மரப்பட்டையில் தேனைப் பூசிவிட்டு வண்டு வரும் என்று காத்திருப்பர். தாஜிரியோ மரத்தடியில் ஒரு கல்லை வைத்துவிட்டு வந்துவிடுவார். பகலில் உறங்கும் வண்டுகள் கல்லின் அடியை நாடும் என்பதை அவர் கவனித்து அறிந்திருந்தார். காலையிற் சென்று கல்லைப் புரட்டினால் வண்டுகள் அங்கே இருக்கும். நண்பர்கள் அவரைப் 'பூச்சி டாக்டர்' என்று அழைத்தனராம்.

ஆனால் நகரம் பெருகிற்று. வயல்களின்மேல் வீடுகள் எழுந்தன, பூச்சிகள் மறைந்தன. மீன் பிடிக்கும் குளம் இருந்த இடத்தில் விளையாட்டுப் பொறிகள் நிறைந்த கூடம் வந்தது. தாஜிரியும் அப்பொறிகளில் ஆழ்ந்தார். வளர்ந்தபின் விளையாட்டுகளைப் படைப்பவரானார். 1989ஆம் ஆண்டில் நின்டெண்டோ நிறுவனம் கேம் பாய் என்னும் கையடக்க விளையாட்டுக் கருவியை வெளியிட்டது. அத்தகைய இரு கருவிகளை ஒரு கம்பியால் இணைக்க முடியும். பிறர் அதில் இருவர் போட்டியிடும் வசதியைக் கண்டனர். தாஜிரி, அக்கம்பியின் வழியே ஒரு பூச்சி ஒரு பெட்டியிலிருந்து மற்றொரு பெட்டிக்கு ஊர்ந்து செல்வதாகக் கற்பனை செய்தார். அக்கற்பனையிலிருந்து பிறந்த விளையாட்டு 1996ஆம் ஆண்டு பிப்ரவரி 27ஆம் நாள் சிவப்பு, பச்சை என இரு வடிவங்களில் வெளிவந்தது.

இரு வடிவங்கள் எதற்கு? அதில்தான் நுட்பம் இருக்கிறது. சில பிராணிகள் சிவப்பில் மட்டுமே கிடைக்கும். சில பச்சையில் மட்டுமே கிடைக்கும். இன்னும் சில, ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாறினாலன்றி முழு வளர்ச்சி அடையா. ஆகவே தனித்திருந்து விளையாடுபவன் எவ்வளவு வல்லவனாயினும் தொகுப்பை நிறைவு செய்ய முடியாது. தன்னிடம் இருப்பதைத் தோழனுக்கு அளித்து, தோழனிடம் இருப்பதைப் பெற வேண்டும். வயல் வரப்பில் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் வண்டுகளை மாற்றிக்கொண்ட இன்பத்தை, வயலை இழந்த பிள்ளைகளுக்கு ஒரு பெட்டிக்குள் வைத்துக் கொடுத்தார் தாஜிரி.

1997ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் இவ்விளையாட்டு தொலைக்காட்சித் தொடராக உருவெடுத்தது. குனிஹிகோ யுயாமா அதனை இயக்கினார். தலைவனுக்குத் தாஜிரியின் பெயரையே சூட்டிச் சதோஷி என்றனர். பிற நாடுகள் பலவற்றில் அவன் பெயர் ஆஷ்.

முதற் பகுதியை நினைத்துப் பாருங்கள். முதற் பிராணியைப் பெறவேண்டிய நாளில் ஆஷ் நெடுநேரம் உறங்கிவிடுகிறான். பேராசிரியர் ஓக் வழங்கும் மூன்று பிராணிகளையும் மற்றவர் கொண்டுபோய்விடுகின்றனர். எஞ்சியிருப்பது பிக்காச்சு என்னும் மஞ்சள் நிறப் பிராணி ஒன்றே. அது அவனை மதிப்பதில்லை. தொட்டால் மின்சாரத்தைப் பாய்ச்சுகிறது. பந்துக்குள் நுழையவும் மறுக்கிறது. ஆஷ் கையுறை அணிந்து, அதனைக் கயிற்றால் கட்டி இழுத்துச் செல்கிறான். வழியில் அவன் எறிந்த ஒரு கல் வினையாக முடிகிறது. சினங்கொண்ட பறவைக் கூட்டம் துரத்துகிறது. பிக்காச்சு காயமுற்று வீழ்கிறது. கொட்டும் மழையில் ஆஷ் அதற்கு முன்னே நின்று, இரு கைகளையும் விரித்து, பறவைகளைத் தன்மேல் வரச் சொல்கிறான். அப்பொழுதுதான் பிக்காச்சு எழுகிறது. அவன் தோளின்மேல் ஏறிப் பாய்ந்து மின்னலைப் பொழிகிறது. கயிறு செய்ய மாட்டாததை அந்த ஒரு கணம் செய்துவிட்டது.

இதற்கு மாறான நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. சார்மாண்டர் என்னும் பிராணியின் வாலில் ஒரு சுடர் எரியும். சுடர் அணைந்தால் உயிர் போகும். அதனை வளர்த்தவன், வலிமையற்றது என்று கைவிட்டுப் போகிறான். அவன் வருவான் என்று நம்பி மழையிலும் ஒரு பாறையை விட்டு அகலாமல் அது காத்திருக்கிறது. ஆஷும் தோழர்களும் அதனைக் காப்பாற்றுகின்றனர். நன்றியுடன் அவனைத் தொடர்ந்த அப்பிராணி, பின்னர்ச் சாரிசார்ட் என்னும் பெரும் பறவைநாகமாக வளர்கிறது. வளர்ந்தபின் அவன் சொல்லைக் கேட்பதில்லை. பெரும் போட்டியின் நடுவே போரிட மறுத்துப் படுத்துக்கொள்கிறது, ஆஷ் தோற்கிறான். உயிரைக் காத்தேனே என்று உரிமை கொண்டாட அவனுக்கு வழியில்லை. பின்னொரு நாள் அது பனிக்கட்டியில் உறைந்து வீழ்ந்தபொழுது, இரவெல்லாம் கைகள் புண்ணாகும் வரை தேய்த்து அதற்குச் சூடேற்றுகிறான். அதன் பின்பே சாரிசார்ட் அவன் சொல்லுக்கு இணங்குகிறது. கீழ்ப்படிதலை ஒருமுறை பெற்றுவிட்டால் போதாது, மீண்டும் மீண்டும் ஈட்ட வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாக எவ்வாறு சொல்வது?

என் பேர்த்தியை அழவைத்தது 21ஆம் பகுதி. ஆஷ் தன் முயற்சியால் முதன்முதற் பிடித்தது ஒரு பச்சைப் புழு. அது கூடு கட்டி, பட்டர்ஃபிரீ என்னும் பட்டாம்பூச்சியாகிறது. இனம் பெருக்கக் கடல் கடந்து செல்லும் தன் இனத்தாரை அது காண்கிறது. இளஞ்சிவப்பு நிறத் துணை ஒன்றையும் அடைகிறது. அதனை நிறுத்திக்கொள்ள ஆஷுக்குப் பந்து இருக்கிறது. வழக்கமும் அவன் பக்கமே. ஆயினும் அவன் அதனை விடுவித்துவிட்டுக் கண்ணீருடன் நிற்கிறான்.

இவ்வளவு நயம் உள்ள தொடரினால் ஒரு பெருந்தீங்கும் விளைந்தது என்பதை நான் மறைக்கக் கூடாது. 1997ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள் அதன் 38ஆம் பகுதி ஜப்பானில் ஒளிபரப்பாயிற்று. ஒரு வெடிப்பைக் காட்டும் பொருட்டுத் திரையில் சிவப்பும் நீலமும் விநாடிக்கு ஏறத்தாழ 12 முறை மாறி மாறிப் பளிச்சிட்டன. சில விநாடிகளே அது நீடித்தது. ஆனால் ஏறத்தாழ 700 பேர், பெரும்பாலும் பிள்ளைகள், வலிப்பும் மயக்கமும் தலைச்சுற்றலும் கண்டு மருத்துவமனைகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். நம் மூளையின் நரம்பணுக்கள் இயல்பாகத் தத்தம் போக்கில் இயங்குபவை. ஒளி மிக விரைவாக மின்னி மறைந்தால், சிலருடைய மூளையில் அவை யாவும் ஒரே தாளத்தில் துடிக்கத் தொடங்கும்; அதுவே வலிப்பாகும். கண் முழுவதையும் நிறைக்கும் சிவப்பு ஒளி இதற்கு மிகவும் ஏதுவானது. தொடர் நான்கு மாதம் நிறுத்தப்பட்டு, 1998ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள் மீண்டும் தொடங்கிற்று. பளிச்சிடும் ஒளிக்கு ஜப்பானிய ஒளிபரப்பாளர் வரம்பு வகுத்தனர். வெளிச்சமுள்ள அறையில், திரைக்குச் சற்று விலகி அமர்ந்து பார்க்குமாறு பிள்ளைகளுக்கு அறிவுறுத்தும் வழக்கமும் வந்தது. யாரும் தீங்கு எண்ணிச் செய்ததன்று அது. நோக்கம் நல்லதாயிருந்தால் மட்டும் போதாது, விளைவையும் எண்ண வேண்டும் என்பதே அந்நிகழ்ச்சி தரும் பாடம்.

பின்னர் நிகழ்ந்தவற்றைச் சுருங்கக் கூறுகிறேன். 151 ஆகத் தொடங்கிய பிராணிகளின் எண்ணிக்கை ஆயிரத்தைக் கடந்தது. ஆஷ் தோல்வி மேல் தோல்வி கண்டான். பெரும் போட்டி ஒன்றில் அவன் முதன்முறை வெற்றிவாகை சூட 2019ஆம் ஆண்டு வரை, அதாவது 22 ஆண்டுகள், பார்ப்பவர் காத்திருக்க வேண்டியதாயிற்று. 2022ஆம் ஆண்டு நவம்பரில் அவன் உலக வீரனானான். 2023ஆம் ஆண்டு மார்ச்சில் அவன் கதை நிறைவுற்றது. அடுத்த மாதம் லிக்கோ என்னும் சிறுமியின் பயணம் தொடங்கிற்று. இத்தனை ஆண்டுகளிலும் ஆஷின் வயது பத்தாகவே இருந்தது.

இனி, பேர்த்தியின் கேள்விக்கு வருவோம். எல்லாவற்றையும் பிடித்துச் சேர்க்குமாறு தூண்டும் முழக்கத்துடன்தான் இதன் விளையாட்டுகளும் பொருள்களும் உலகெங்கும் விற்பனையாயின. ஆனால் கதையின் உயர்ந்த இடங்கள் யாவும் பிடிப்பதைப் பற்றியன அல்ல. பந்தை மறுத்ததையும், பந்தைத் திறந்துவிட்டதையும் பற்றியன. வணிகம் ஒன்று சொல்ல, கதை வேறொன்று சொல்கிறது. இரண்டையும் பிரித்தறிவது பார்ப்பவர் கடமை. மேலும், சித்திரத்தில் அடிபட்டு வீழ்ந்த பிராணி அடுத்த காட்சியில் நலமாக எழுந்து நிற்கும். மெய்யான உயிர்கள் அவ்வாறு எழுவதில்லை.

இதனை நான் சிறுவயதிலேயே அறிந்தேன். பளபளக்கும் பொன்வண்டு ஒன்றைப் பிடித்துத் தீப்பெட்டியில் அடைத்து, இலை போட்டு வளர்த்தேன். அதன்மீது எனக்கு இருந்த அன்பில் ஐயமில்லை. நாள்தோறும் பத்து முறையாவது திறந்து பார்ப்பேன். ஒரு காலையில் அது அசையாமற் கிடந்தது. என் அன்பு எனக்கு இனித்ததே தவிர, அதற்கு ஒன்றும் செய்யவில்லை.

அந்த வண்டின் கதையைப் பேர்த்திக்குச் சொன்னேன். சொல்லி முடித்தபின், "பிடிக்கிறபொழுது ஆஷ் நல்லவனா என்று எனக்குத் தெரியாது, அம்மா. ஆனால் அந்தப் பட்டாம்பூச்சியை விட்டபொழுது அவன் நல்லவன்" என்றேன். அவள் சற்று நேரம் எண்ணிப் பார்த்தாள். பிறகு, "நீங்களும் திறந்து விட்டிருக்கலாம், தாத்தா" என்றாள்.

அதற்கு நான் மறுமொழி ஒன்றும் கூறவில்லை.