சாலை நடுவே அரளி

வட இந்தியாவின் நான்குவழி நெடுஞ்சாலைகளில் செல்வோர், சாலையின் நடுத்திட்டில் வெண்மையாகவும் இளஞ்சிவப்பாகவும் சிவப்பாகவும் பூத்து நிற்கும் புதர்களைக் கண்டிருப்பர். இந்தியில் கனேர் என்றும் தமிழில் அரளி என்றும் வழங்கும் செடி அது. சுற்றுப்புறம் காய்ந்து கிடக்கும் கோடையிலும், மழை ஓய்ந்த கூதிர்ப் பருவத்திலும் ஒருங்கே பூக்கும் செடிகள் சிலவே.

அழகு மட்டுமே இத்தேர்வுக்குக் காரணமன்று. அரளியிலையின் அடிப்புறத்தில், மயிரடர்ந்த சிறு குழிகளுக்குள் இலைத்துளைகள் அமைந்துள்ளன. ஆகவே, வெப்பக் காற்றிலும் நீரிழப்புக் குறைவு. அடர்ந்த புதர் எதிர்வரும் வண்டிகளின் விளக்கொளியை மறைக்கிறது. கசப்பின் காரணமாகக் கால்நடைகள் பச்சை இலையைப் பொதுவாக மேய்வதில்லை.

வளர்ப்பு முறை

முதிர்ந்த தண்டைச் சுமார் 20 செ.மீ. நீளத்திற்கு நறுக்கி ஈர மணலில் ஊன்றினால், சில வாரங்களில் வேர்விடும். பருவமழையின் தொடக்கத்தில் எடுத்து நடுவது நன்று. நல்ல வெயிலும் நீர் தேங்காத மண்ணும் வேண்டும். புதிய கிளைகளின் நுனியில் பூக்கள் தோன்றுவதால், பூப்பு ஓய்ந்தபின் கவாத்து செய்தல் அவசியம்.

செலவும் பயனும்

2015ஆம் ஆண்டின் பசுமை நெடுஞ்சாலைக் கொள்கை, சாலைத் திட்டச் செலவில் 1 சதவீதத்தை மரம், செடி வளர்ப்புக்கென ஒதுக்க வகை செய்தது. அரளியை நடுவதற்கு ஆகும் செலவு சிறிதே; முதல் இரண்டு கோடைகளில் நீர் வார்க்க ஆகும் செலவே பெரிது. மதிப்பீட்டில் அதைக் குறைத்தால், ஏட்டில் நட்ட செடிகளும் சாலையில் பட்ட செடிகளுமே மிஞ்சும். எனவே, நட்டவற்றை விடுத்து, இரண்டாம் கோடைக்குப்பின் உயிருடன் நிற்பவற்றை எண்ணிப் பணம் வழங்குவதே முறையாகும்.

நச்சுத் தன்மை

அரளியின் எல்லாப் பாகங்களும் இதயத்தைத் தாக்கும் நஞ்சுடையவை. 2024இல் கேரளத்தின் திருவிதாங்கூர், மலபார் தேவஸ்வம் வாரியங்கள் கோயில் நைவேத்தியத்தில் அரளிப்பூவைத் தவிர்க்கப் பணித்தமை நினைவிருக்கலாம். காய்ந்த பின்னும் நஞ்சு நீங்குவதில்லை. பச்சையில் ஒதுக்கிய மாடு, காய்ந்த சருகைத் தீவனத்தோடு தின்றுவிடக்கூடும். ஆதலால் வெட்டிய கிளைகளைச் சாலையோரம் குவிக்காமல், அன்றே அகற்றிப் புதைக்க வேண்டும். அதன் புகையும் தீங்கு பயப்பதால், எரித்தலும் விறகாக்குதலும் கூடா. வெட்டும் தொழிலாளருக்குக் கையுறை தேவை.

இச்சிறு செலவுகளையும் மதிப்பீட்டில் சேர்த்தால்தான், வழிப்போக்கர் கண்டு மகிழும் பூ சாலையோரச் சிற்றூர்களுக்குத் துன்பமாகாது.