மழையின் முன்னறிவிப்பு

ஐப்பசி பிறந்து வாடைக் காற்று வீசத் தொடங்கியதும், சுவரோரம் எறும்புகள் முட்டைகளைக் கவ்விக்கொண்டு மேட்டுக்கு ஏறுவதையும், தட்டான்கள் தரையை ஒட்டித் தாழப் பறப்பதையும், அடுக்களைப் பானையிலுள்ள கல்லுப்பு நீர்விட்டுக் கசிவதையும் காணும் காவிரிப் படுகைக் குடியானவர்கள், மழை சமீபித்துவிட்டதென்று நிச்சயித்து, களத்தில் காயும் குறுவை நெல்லை வாரிக் குவித்து மூடிவிடுவார்கள்.

இவற்றுள் உப்பின் சாட்சியமே மிகவும் நம்பத்தக்கது என்பேன். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவிகிதத்தைத் தாண்டினால் உப்பு அதனை ஈர்த்துக் கரையத் தொடங்கும் என்பது ரசாயன சாஸ்திரம் கண்ட உண்மை. அந்த உப்பே மேகத்துக்குக் கருவாகவும் அமைவது எத்தனை ஆச்சரியம்! வங்கக் கடலின் அலைகள் உடைந்து சிதறுகையில் காற்றில் கலக்கும் நுண்ணிய உப்புத் துகள்கள் ஆகாயத்தில் உயர, அங்கே குளிர்ந்த நீராவி அவற்றின்மேல் படிந்து 0.02 மில்லிமீட்டர் அளவேயுள்ள திவலைகளாகி, அத்தகைய திவலைகள் ஏறக்குறைய 10 லட்சம் ஒன்றோடொன்று மோதித் திரண்ட பின்னரே, 2 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரேயொரு மழைத்துளி பூமியை நோக்கி இறங்குகிறது.